தெற்கே போனால் மட்டும் கூவிய பிக்கப்

நேற்று ஒருவர் தன் பிக்கப்பை நம் பட்டறைக்குக் கொண்டுவந்து, "ஓடும்போது கூவுதுங்க" என்று சொன்னாராம். நீங்கள் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் காட்டலீங்க, உங்க காதுலதான் ஏதோ கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்களாம். அவர் நேரே என் வீட்டுக்கு வந்து முறையிட்டுவிட்டுப் போனார். பயப்படாதீர்கள், திட்டுவதற்காக உங்களை உட்கார வைக்கவில்லை. அவர் "கூவுது" என்று சொன்னதுமே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பாவம், தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் சிரித்தது செல்வியின் வண்டியை நினைத்து. அந்தக் கதையை உங்கள் யாருக்கும் நான் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஸ்கேனர் மீது எனக்கு ஒரு பகையும் இல்லை. நான் வேலையை விடுவதற்கு முன் கடைசியாக வாங்கிப் போட்ட சாமானே அதுதான். ஆனால் அது கம்பி வழியாக வருகிற செய்தியை மட்டும் படிக்கும். வண்டியில் கம்பி போகாத இடங்கள் நிறைய இருக்கின்றன.

அப்போது இந்த ஷெட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவர் பெயர் இருதயம், வெல்டர். உங்களுக்குத் தெரியும், இன்றைக்கும் வந்து உங்கள் வேலையில் நொட்டை சொல்லிவிட்டுப் போகிறாரே, அவர்தான். ரோட்டைப் பார்த்து நின்றால் இடது பாதி எனக்கு, வலது பாதி அவருக்கு. என் பக்கம் கிரீஸ், அவர் பக்கம் தீப்பொறி. "இன்ஜின் வேலைக்கு மூளை வேணும், ஒட்டு போடுறதுக்கு கறுப்புக் கண்ணாடி இருந்தா போதும்" என்பேன் நான். "மரக்காணத்துல உப்புக் காத்து அடிக்கிற வரைக்கும் எனக்குத்தான் வேலை ஜாஸ்தி" என்பார் அவர். இந்த ஊரில் துருப்பிடிக்காத ஒரே பொருள் எங்கள் சண்டை.

பங்குனி மாதம். பகல் சாப்பாடு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பிக்கப் உள்ளே வந்து நின்றது. ஓட்டிவந்த பெண் குதித்து இறங்கினாள். குள்ளமான உருவம், இருபத்தைந்து வயது இருக்கலாம். மறுபக்கம் இறங்கிய ஆள் ஆறடி உயரம். அவன் கதவைச் சாத்திய விதத்தைப் பார்த்தால், உள்ளே ஏதோ கைக்குழந்தை தூங்குகிறது என்று நினைத்துவிடுவீர்கள்.

அவள் செல்வி, அவன் முருகன். கல்யாணமாகி வருடம் திரும்பவில்லை. இரண்டு பேரும் உப்பளத்தில் கூலி வேலை. செல்விக்கு வண்டி ஓட்ட வேண்டும் என்று ஆசை. பாண்டிச்சேரி வரைக்கும் பஸ்ஸில் போய்ப் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். முருகனுக்கு சைக்கிள் ஏறவே பயம். ஆனால் மூட்டை தூக்கினால் ஊரே பார்க்கும். அவள் ஓட்டுவது, அவன் ஏற்றி இறக்குவது, யாரிடமும் கூலிக்குப் போகாமல் சொந்தமாக உப்பு லோடு அடிப்பது என்று பேசி முடிவு செய்து இந்தப் பழைய பிக்கப்பை வாங்கியிருந்தார்கள்.

"அக்கா, கூவுதுக்கா" என்றாள் செல்வி.

"எது?"

"வண்டிதான். ஐம்பதுல போனா ஊஊன்னு வருது. நாய் அழுவுற மாரி."

"நாய் இல்லக்கா, சங்கு ஊதுற மாரி" என்றான் முருகன்.

"உனக்கு எதுதான் சங்கு இல்ல, மாமா? குக்கர் விசில் வந்தாலே கைய எடுத்துக் கும்பிடுற ஆளு."

முருகன் வெட்கத்தோடு என்னைப் பார்த்தான். அவளை மறுக்கும் நிலையில் அவன் இல்லை போலிருந்தது.

வண்டியை கூனிமேடு காதர் பாயிடம் வாங்கியிருந்தார்கள். பாய் அந்த வண்டியில்தான் ஊர் ஊராக மீன் விற்றுக்கொண்டிருந்தார். பெரிய வண்டி எடுத்ததும் இதைக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது, "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, புடிக்கலன்னா திருப்பி விட்டுடுங்க, நான் மூஞ்சி சுளிக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாரம் அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. கிளியனூரில் ஒருவர் அதே வண்டியைக் கேட்டு பாயைத் தினமும் போனில் நச்சரித்துக்கொண்டிருக்கிறார்.

இதற்கிடையில் முதல் லோடுக்காக உப்பளத்துக்குப் போயிருக்கிறார்கள். வண்டி கூவிக்கொண்டே வந்து நிற்பதைப் பார்த்த அளத்துக்காரர், "க்ரவுன் போன வண்டி இது. நடுவழியில நின்னுச்சுன்னா என் உப்பு இன்னா ஆவறது?" என்று ஒரு மூட்டைகூட ஏற்ற விடவில்லை.

க்ரவுன் என்றால் பின் அச்சின் நடுவில் இருக்கிற பெரிய பல்சக்கரம் என்று உங்களுக்குத் தெரியும். செல்விக்குத் தெரியாது. ஆனால் அது பெரிய செலவு என்பது மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

"சின்ன வேலைன்னா வண்டிய வச்சிக்கிறோம்க்கா. பெரிய வேலைன்னா எங்களால தாங்க முடியாது, இன்னைக்கே திருப்பி விட்டுடறோம். நீங்க சொல்றதுதான்" என்றாள். குரல் நேராகத்தான் இருந்தது. ஆனால் பேசும்போதெல்லாம் அவள் கை பானட்டைத் தடவிக்கொண்டே இருந்தது, மாட்டின் கழுத்தைத் தடவுகிற மாதிரி.

நின்ற இடத்தில் இன்ஜினை முறுக்கிப் பார்த்தேன். சத்தமில்லை. இன்ஜினும் அதன் பெல்ட்டும் குற்றவாளி இல்லை. "வா, ஒரு ஓட்டம் ஓட்டிப் பாக்கலாம்" என்றேன். கூனிமேட்டுக்கே போய்விட்டு வருவது என்று முடிவாயிற்று. பாயையும் பார்த்த மாதிரி ஆகும். செல்வி ஒரு தலையணையைப் போட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். அது இல்லாவிட்டால் ஸ்டியரிங்குக்கு மேலே ரோடு தெரியாதாம். நான் பக்கத்தில், முருகன் பின்னால் லோடு பாடியில்.

ஊரைத் தாண்டி, ரோட்டின் இரண்டு பக்கமும் பாத்திகளும் வெள்ளைக் குவியல்களுமாக வரத் தொடங்கியதும் செல்வி வேகமெடுத்தாள். ஐம்பதைத் தொட்டது. வந்தது பாருங்கள் ஒரு சத்தம்! ஊஊஊ என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி உச்சந்தலைக்கு ஏறுகிற சத்தம். முருகன் சொன்னதுதான் சரி. அசல் சங்கு.

"கிளட்ச அமுக்கு. நியூட்ரல்ல விடு" என்றேன். சத்தம் நிற்கவில்லை. கியர்பாக்ஸ் மேல் வைத்திருந்த சந்தேகத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன். "லேசா வளைச்சு வளைச்சு ஓட்டு" என்றேன். ரோடு காலியாக இருந்தது. அவள் பாம்பு மாதிரி ஓட்டினாள். சத்தம் சுருங்கியது, பெருத்தது, சுருங்கியது. வளைவில் மாறுகிற சத்தம் என்றால் வீல் பேரிங். சின்ன வேலை! எனக்குள்ளே ஒரு துள்ளல். ஆனால் வாயைத் திறக்கவில்லை. தொழிலில் நான் சம்பாதித்த பெரிய சொத்து அந்த வாய்ப்பூட்டுதான்.

காதர் பாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய லுங்கி, மூக்கின் நுனியில் கோபம். செல்வி ஏற்கெனவே போனில் புகார் சொல்லியிருந்தாள்.

"வாங்க ஸ்டெல்லாம்மா. நீங்களே கேளுங்க. என்கிட்ட இருந்த வரைக்கும் இந்த வண்டியில கொசு சத்தம்கூட வந்தது இல்ல, அல்லா மேல ஆணையா."

"அப்ப நாங்க பொய் சொல்றமா பாய்?" என்று செல்வி தலையணையோடு இறங்கினாள்.

"நான் அப்டி சொன்னனா? சாவியக் குடு. நான் ஓட்டிக் காட்டறேன்."

பாய் ஓட்ட, நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நெருக்கி உட்கார, மரக்காணத்தை நோக்கித் திரும்பினோம். ஐம்பது. சத்தமில்லை. அறுபது. சத்தமில்லை. வண்டி பட்டுப் போல ஓடியது. பின்னால் முருகன் கேபின் கண்ணாடியைத் தட்டி, "இன்னா செல்வி, கூவ மாட்டேங்குது?" என்று கத்தினான்.

பாய் மீசை துடிக்க என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா? வண்டிக்கு ஓட்டுற கை தெரியும்மா."

செல்விக்கு முகம் சிவந்து கண் கலங்கிவிட்டது. "என்னப் பாத்தாத்தான் கூவுதா இது?" என்று டேஷ்போர்டிடமே கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைப் பார்க்கக் கஷ்டமாகவும் இருந்தது.

"பாய், நீங்களே திருப்புங்க. மறுபடி உங்க ஊர் பக்கம் போங்க" என்றேன். பாய் பெருமையோடு வண்டியைத் திருப்பி மிதித்தார்.

ஊஊஊஊ!

"யா அல்லா! இன்னாது இது?" என்று பாய் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துத் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். சத்தம் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ. செல்வி கைதட்டினாள். "கூவுது! பாய், உங்களையும் பாத்துக் கூவுது!" சற்று முன் அழப்போனவள் இப்போது சத்தம் வந்ததற்காகச் சந்தோஷப்பட்டாள். மனிதர்களுக்கு வண்டி சரியாக இருப்பதைவிடத் தாங்கள் பொய்யர் இல்லை என்பது முக்கியம். வாடிக்கையாளரிடம் "உங்க காதுல கோளாறு" என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாயோடு ஷெட்டுக்குத் திரும்பினோம். வருகிற வழியெல்லாம் வண்டி மூச்சு விடவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றின. வீல் பேரிங் என்ற என் சந்தோஷம் அங்கேயே செத்தது. க்ரவுன் ஹவுசிங்கின் அடி போல்ட்டைக் கழற்றி ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஒரு இரும்புத் தூள் இல்லை. ஜாயின்ட், ஷாஃப்ட், எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாரும் நிரபராதிகள். ஆனால் குற்றம் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து பாயின் போன் அடித்தது. கிளியனூர்க்காரர். பாய் பேசி முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஸ்டெல்லாம்மா, அவரு கிளம்பிட்டாராம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. க்ரவுன்தான்னா வண்டிய நான் எடுத்துக்கறேன். அவர்கிட்டயும் விஷயத்தச் சொல்லித்தான் தருவேன், மறைக்க மாட்டேன். ஒண்ணும் இல்லன்னா இந்தப் பொண்ணு வச்சிக்கட்டும். எனக்கு ரெண்டும் சம்மதம். ஆனா இப்பவே சொல்லிடுங்க."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு எதிரே மூன்று வார்த்தைகள் இருந்தன. "ஒண்ணுமில்ல" என்று சொல்லி நாளைக்கு வண்டி நடுரோட்டில் உட்கார்ந்தால், அந்தப் பிள்ளைகள் எழுந்திருக்க முடியாது. "தெரியல" என்று சொன்னால் பட்டறையின் பெயர் போய்விடும் என்று பயம். மூன்றாவது வார்த்தை "க்ரவுன்". அதில் எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. வண்டி திரும்பிப் போகும். யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஜாக்கிரதையான மெக்கானிக் என்று நல்ல பெயர்கூடக் கிடைக்கும். நெருக்கடி வரும்போது மனம் தானாக இந்த மூன்றாவது வார்த்தையைத்தான் எடுத்து நாக்கில் வைக்கும். வைத்தது. "திருப்பி விட்டுடு செல்வி, ரிஸ்க் வேணாம்" என்று சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

செல்வி அதற்குள் புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. போய், கேபின் கதவைத் திறந்து, தன் தலையணையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். முருகன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டான். வழக்கம் போல கதவை மெதுவாகச் சாத்தினான்.

அந்தக் கதவு "க்ளிக்" என்று மூடியதும் என் வாயும் மூடிக்கொண்டது.

"செல்வி, தலகாணிய உள்ள வை."

"ஏங்க்கா?"

"எனக்கே தெரியல. வை. இன்னும் ஒரு தடவ பாக்கணும்."

பாய் போனைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். ஷெட்டின் மறுபாதியிலிருந்து இருதயம் ஒரு சிரிப்புச் சிரித்தார். பகலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ஒரு இரும்புக் கேட்டுக்கு ஒட்டு போட்டுக்கொண்டிருந்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தெக்கால போனா அழுவுது, வடக்கால வந்தா சிரிக்குது. வண்டிக்கு மாமியார் வூடு கூனிமேட்டுல இருக்கும்போல" என்றார்.

எல்லாரும் சிரித்துவிட்டோம். கூனிமேட்டுக்காரரான பாயே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிட்டேன்.

க்ரவுனுக்கு தெற்கு எது, வடக்கு எது என்று தெரியுமா? பேரிங்குக்குத் தெரியுமா? இரும்புக்குத் திசை கிடையாது. அப்படியென்றால் திசை தெரிந்த வேறு எதுவோ இந்தச் சத்தத்தைப் போடுகிறது. இந்த ரோட்டில், பகலுக்கு மேல், திசை தெரிந்தது எது?

கொடியில் இருதயத்தின் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து வந்த காற்று அதற்குள் புகுந்து, தொப்பை போட்ட ஆள் உள்ளே நிற்கிற மாதிரி உப்பியிருந்தது.

"காத்து!" என்று கத்தினேன்.

"எங்க?" என்று முருகன் திரும்பிப் பார்த்தான்.

"எல்லா இடத்துலயும்தான்! ஏறுங்க, ஏறுங்க! ஏங்க, நீங்களும் வாங்க!"

"உன் வேலைக்கு நான் எதுக்கு? எனக்கு மூளை இல்லைன்னு சொல்லுவியே" என்றார் இருதயம்.

"மூளை வேணாம். உங்க கை பெருசு, அது போதும்."

செல்வி தலையணையில் ஏறினாள். பாய் அவள் பக்கத்தில். லோடு பாடியில் முன்னால் இருதயம் கையில் நனைத்த சாக்கோடு. அவர் விழாமல் இடுப்பை நான் பிடித்துக்கொண்டேன். நான் விழாமல் என் சட்டையை முருகன் பிடித்துக்கொண்டான். இந்தக் கோலத்தில் ஒரு பிக்கப் போனால் ஜனங்கள் பார்க்கத்தானே செய்வார்கள்? பார்த்தார்கள்.

தெற்கே திரும்பினோம். ஐம்பது. ஊஊஊ என்று சங்கு எழுந்தது.

"கேபின் மேல மூடுங்க!" என்றேன். இருதயம் சாக்கை விரித்து கேபின் கூரையின் விளிம்பை மூடினார். சத்தம் நிற்கவில்லை. பக்கத்துக் கதவின் இடுக்கை மூடினார். நிற்கவில்லை. தார்ப்பாய் கட்டுகிற கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பொத்தினார். வண்டி அவரைக் கேலி செய்கிற மாதிரி இன்னும் உரக்கக் கூவியது. முருகன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது ஒரு நாய் ரோட்டின் குறுக்கே வந்தது. செல்வி பிரேக்கைத் தொட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய, இருதயம் சாக்கைக் கோட்டைவிட்டு, கேபினுக்குப் பின்னால் நிற்கிற இரும்பு பைப்பை எக்கிப் பிடித்தார். நாய் போய்விட்டது. செல்வி மறுபடி வேகமெடுத்தாள். நாற்பது, ஐம்பது.

சத்தமில்லை.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருதயம் மெதுவாக உள்ளங்கையைத் தூக்கினார். ஊஊஊ. வைத்தார். மௌனம். தூக்கினார். ஊஊஊ. கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். விரல் நுழைகிற அளவுக்கு இரண்டு ஓட்டை, பக்கத்தில் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி. அவ்வளவுதான். தெற்கே போகும்போது காற்று அந்த ஓட்டைகளின் மேல் சரியான சாய்வில் வந்து ஊதியிருக்கிறது. வடக்கே திரும்பினால் சாய்வு மாறிவிடும். வளைத்து ஓட்டினால் சத்தம் கூடிக் குறைந்ததும் அதனால்தான். நாங்கள் அத்தனை பேரும் க்ரவுன், பேரிங் என்று பயந்தது ஒரு புல்லாங்குழலைப் பார்த்து.

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த என் புருஷன், ஒரு வெல்டர், தேவாலயத்தில் பாட்டுப் பாடச் சொன்னால் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறவர், இரண்டு விரலை இரண்டு ஓட்டையில் வைத்து நாதஸ்வரக்காரர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். ஊ-ஊ, ஊஊ, ஊ-ஊ-ஊ! முருகன் லோடு பாடியின் தகரத்தில் தவில் அடித்தான். நான் நடுவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ மாப்பிள்ளை ஊர்வலம் என்று நினைத்துக் கையசைத்தார்கள். பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தொப்பியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, "இன்னா நடக்குது பின்னால? சொல்லிட்டுச் செய்யுங்கப்பா!" என்று கத்தினார்.

"பாய், கண்டுபுடிச்சிட்டோம்! வண்டி வாசிக்குது!" என்று நான் கத்தினேன்.

செல்விக்குச் சிரிப்பில் நிறுத்த வேண்டிய இடமே மறந்துவிட்டது. கூனிமேடு வந்தது, போனது. "ஏம்மா, ஏம்மா! என் வூடு போய்டுச்சு!" என்று பாய் அலறிய பிறகுதான் ஓரமாக நிறுத்தினாள்.

எல்லாரும் இறங்கி அந்த பைப்பைச் சுற்றி நின்றோம். பாய் ஓட்டைகளை விரலால் தொட்டார். அடுத்த நிமிஷம் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"ஸ்பீக்கரு! மீனு மீனுன்னு கூவுறதுக்கு இங்கதான் ஸ்பீக்கர போல்ட்டு போட்டு மாட்டி வச்சிருந்தேன். வண்டிய இவங்க கையில குடுக்கறப்போதான் கழட்டினேன். புது வண்டியில மாட்டறதுக்கு."

ஆக, அவர் கையில் இருந்த வரைக்கும் போல்ட்டு ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. கொசு சத்தம் வரவில்லை என்று சொன்னது உண்மை. செல்வி கைக்கு வந்ததும் கூவியதும் உண்மை. இரண்டு பேரும் ஒரு வாரமாக ஒருவரை ஒருவர் பொய்யர் என்று நினைத்துக்கொண்டு உண்மையை மட்டுமே பேசியிருக்கிறார்கள்.

"பாய், உங்கள மனசுக்குள்ள ரொம்பத் திட்டிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றாள் செல்வி.

"மனசுக்குள்ளயா? எனக்கு நல்லா கேட்டுச்சும்மா" என்றார் பாய். இரண்டு பேரும் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்கள்.

கிளியனூர்க்காரருக்கு அங்கிருந்தே பாய் போன் போட்டார். "அது வித்துப் போச்சுங்க. அவங்க வண்டி அது. கிளம்பினது கிளம்பிட்டீங்க, வாங்க, டீ சாப்ட்டுப் போலாம். சத்தமா? ஐயோ, சத்தம் இல்லீங்க, பாட்டு. நேர்ல சொல்றேன்."

ஷெட்டுக்கு வந்ததும் எங்கள் பழைய சண்டை ஆரம்பித்தது. ரெண்டு போல்ட்டைப் போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது என்றேன் நான். "உள்ள காலி பைப்பு. போல்ட்டு சந்துல உப்புத் தண்ணி எறங்குச்சுன்னா அடுத்த வருஷம் பைப்பே இருக்காது. ஒட்டுதான் போடணும்" என்றார் அவர். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. வேறு வழியில்லாமல், ஒட்டுக் கரண்ட் வண்டிக்குள் பாயாதபடி பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, போடுங்க" என்றேன். பொட்டு வைக்கிற மாதிரி இரண்டு இடத்தில் வைத்தார், தேய்த்தார், பெயின்ட் அடித்தார். வேலை முடிய நான் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பகலிலிருந்து நான் புரண்ட புரளலுக்கு முடிவு அவர் பாதியில் போய் விழுந்தது. அன்று முழுக்க அவர் தோளை நிமிர்த்திக்கொண்டே நடந்தார். விட்டுவிட்டேன்.

உங்களிடம் நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். அவசரம் உங்கள் எதிரில் குந்திக்கொண்டு பதில் கேட்கும்போது, உங்களுக்குப் பாதுகாப்பான பதிலும் வண்டிக்குச் சரியான பதிலும் ஒன்று போலவே தெரியும். அப்போது "தெரியல, இன்னும் ஒரு தடவ பாக்கறேன்" என்று சொல்லப் பழகுங்கள். அந்த வார்த்தையால் பட்டறையின் பெயர் போகாது. நான் பயந்தது வீண். அப்புறம், சத்தத்தை ஷெட்டுக்குள் தேடாதீர்கள். வண்டிக்காரர் எந்த ரோட்டில், எந்த நேரத்தில், எந்தப் பக்கம் போனால் கேட்டதோ, அங்கே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். நேற்று வந்தவரின் நம்பர் என்னிடம் இருக்கிறது. டீ முடிந்ததும் கூப்பிடுங்கள்.

இருங்கள், எழுந்துவிடாதீர்கள், செல்வி கதை இன்னும் பாக்கி இருக்கிறது. ஒட்டு போட்டால் மட்டும் போதுமா? ஓட்டிப் பார்க்க வேண்டாமா?

பெயின்ட் காய்ந்ததும் மறுபடி ஏறினோம். செல்வி ஓட்ட, பாய் பக்கத்தில். வீட்டில் இறக்கிவிடுவதாக அவரிடம் சொல்லியிருந்தாள். நானும் முருகனும் பின்னால். நான் பைப்புக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வெயில் சாய்ந்திருந்தது. கடல்காற்று பகலைவிட பலமாக அடித்தது. சோதனைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

நாற்பது. ஐம்பது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அறுபது. டயர் ரோட்டில் உரசுகிற சத்தம், என் சட்டை படபடக்கிற சத்தம், வேறு ஒன்றுமில்லை. முருகன் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

ஊஊஊஊஊஊ!

 பைப்பைத் தடவினேன். ஒட்டு அப்படியே இருந்தது. ஆனால் சத்தம் முன்னைவிட உரக்க, முன்னைவிட நீளமாக வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் உள்ளே இன்னொன்று இருக்கிறது! க்ரவுன்தானா? பாயிடம் என்ன சொல்வேன்? கேபின் கூரையை இரண்டு கையாலும் அறைந்தேன். "நிறுத்து! நிறுத்து செல்வி!"

வண்டி கிறீச்சிட்டு நின்றது. முருகன் என் மேல் வந்து விழுந்தான். செல்வி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"இன்னாக்கா? இன்னா ஆச்சு?"

"கூவுதுடி! இன்னும் கூவுது!"

"ஐயோ அக்கா" என்றாள் செல்வி. "அது நான்தான்க்கா கூவினேன்!"